பூட்டிய சரக்கு

ஓசூருக்கு வெளியே, விமானச் சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே மென்பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மெஹருன்னிசாவுடையது. சரக்கறை, தரச்சோதனை, ஏற்றுமதி மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அவள் கையில்தான்.

முதுகு வலியால் சரக்கறையிலிருந்து மாற்றப்பட்ட திம்மராஜ் அவளிடம் வேலை பழகிக்கொண்டிருந்தார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இந்த நாற்காலியும் போனால் வேறு போக்கிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை ஆலைத் தலைவர் சுதர்சனம் நேராக அவர்கள் அறைக்கு வந்தார்.

"வாசல்ல லாரி நிக்குது. பில் வரமாட்டேங்குது."

"கம்ப்யூட்டர்ல சரக்கு பூட்டியிருக்கு சார். உறுதிச் சோதனை முடிவு இன்னும் வரலை" என்றாள் மெஹருன்னிசா.

"நம்ம டெஸ்ட் மெஷின் ரிப்பேர். வெளி லேப் நாளைக்குத்தான் தரும். நீ கம்ப்யூட்டருக்குள்ள போய்த் திறந்து விடும்மா. மதியம் வர்றேன்."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

சோதனை முடிவை ஏற்றினால் அந்தப் பூட்டு தானாகத் திறக்கும். அதை மீறித் திறக்கும் அனுமதி அந்த ஆலையில் இவர்கள் இருவருக்கு மட்டும் இருந்தது.

திம்மராஜ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மேடம், பாகம் செய்யறது நாம இல்ல. சோதிக்கிறதும் நாம இல்ல. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிறவங்க. திறக்கச் சொன்னா திறந்துட்டுப் போக வேண்டியதுதானே. இதுல நமக்கு என்ன?"

மெஹருன்னிசா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அனுமதிப் பட்டியலிலிருந்து திம்மராஜின் பெயரை நீக்கினாள். பிறகு தன் பெயரையும் நீக்கினாள்.

திம்மராஜ் எழுந்தே விட்டார். "என்ன மேடம் பண்றீங்க! அனுமதி திரும்ப வேணும்னா மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்தானே தரணும்?"

"ஆமாண்ணா."

"மாட்டேன்னு வாயால சொன்னாப் போதாதா?"

"ஒரு தடவை சொல்லிடுவேன். ரெண்டாவது தடவை அவர் கத்தும்போது என் கை தானா போயிடும். எனக்கு என்னைத் தெரியும்."

மதியம் சுதர்சனம் வந்தார்.

"திறந்தாச்சா?"

"முடியாது சார்."

"முடியாதா, மாட்டியா?"

"காலையில மாட்டேன். இப்போ முடியாது."

அவள் செய்ததைச் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. அவர் போட்ட சத்தத்தில் வெளியே நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"உன்னை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்ப என்னால முடியும், தெரியுமா?"

"அனுப்பலாம் சார். அப்பவும் அது திறக்காது."

"யாரைக் கேட்டா திறக்கும்?"

"மெட்ராஸுக்கு நீங்க எழுதணும். சோதனை முடியாத சரக்கை அனுப்பறோம்னு காரணத்தையும் எழுதணும்."

சுதர்சனம் கைபேசியை எடுத்தார். பிறகு எதுவும் எழுதாமலே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

லாரி காலியாகத் திரும்பியது. சாயங்காலம் வரை அவர்கள் அறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கேண்டீனில் திம்மராஜ் உட்கார்ந்த மேசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

மறுநாள் முடிவு வந்தது. எல்லாப் பாகங்களும் தேறியிருந்தன. ஒன்றில்கூடக் குறையில்லை.

சுதர்சனம் கதவருகிலேயே நின்று பேசினார். "பார்த்தியா? தங்கமா இருக்கு அத்தனையும். உன் பிடிவாதத்துக்கு ஒரு நாள் போச்சு. கஸ்டமர்கிட்ட நான் வாங்கின பேச்சு எனக்குத்தான் தெரியும். விளக்கம் எழுதிக் கொடு."

"கொடுக்கிறேன் சார்."

"இனிமேலும் இப்படித்தானா?"

"இப்படித்தான் சார்."

அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். மெஹருன்னிசா சோதனை முடிவை ஏற்றினாள். பூட்டு திறந்தது. பில் அச்சாகத் தொடங்கியது.

திம்மராஜால் பொறுக்க முடியவில்லை. நேற்றெல்லாம் விழுங்கிய பயம் இப்போது கோபமாக வந்தது.

"நல்ல பாகத்துக்காகவா மேடம் இவ்வளவும்? வேலையையே பணயம் வெச்சீங்க. என்னையும் சேர்த்து. கடைசியில பார்த்தா, நேத்தே அனுப்பியிருக்கலாம். அது நல்ல சரக்குதான்."

மெஹருன்னிசா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நேத்து அது யாருக்குத் தெரியும், அண்ணா?"