கடலுக்கு உறை ஊற்றிய கதை

செண்பகராமன் அண்ணாச்சி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டால் போதும் என்பார்கள் எங்கள் தெருவில். நான் முக்காலைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். அப்போதும் மிச்சம் நம்புகிற மாதிரி இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபமணி சார் வீட்டுக் கார் ஷெட்டில் கூடியிருந்தோம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்து பதினோரு குடும்பம் அடுத்த வருஷம் இந்தோனேசியா போவதாக இருக்கிறோம். ஏஜென்ட் யாரும் வேண்டாம், நமக்குள் ஒருவரே தலைவராக இருந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று முடிவு. எல்லார் பாஸ்போர்ட்டும் தலைவர் கையில்தான் இருக்கும். அவர் சொன்னால்தான் பஸ் கிளம்பும்.

இந்தப் பதவி அண்ணாச்சிக்கு வேண்டும். அதை அவர் மறைக்கவும் இல்லை. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து முப்பது ஆளை வேலை வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அவரைக் கேட்டு வீட்டில் ஒரு பல்புகூட மாற்றுவதில்லை. போன ஜூன் மாதம் மனைவி, மகள், மருமகனோடு ஜாவாவின் கடலோர ஊர்களைச் சுற்றிவிட்டு வந்ததிலிருந்து, தலைவர் என்றால் தான்தான் என்று இருந்தார்.

ஜெபமணி சார் ரிட்டையரான கணக்கு வாத்தியார். எதற்கும் விடைக்கு வழி காட்டச் சொல்வார். "அங்க போயி என்ன கஷ்டம் வந்துது, எப்படிச் சமாளிச்சீருன்னு சொல்லும். அத வச்சு முடிவு பண்ணுவோம்" என்றார். தலைவர் என்று மேலே எழுதி, பக்கத்தில் இடம் விட்ட தாள் அவர் மடியில் இருந்தது.

அண்ணாச்சி நாற்காலியை ரெண்டு அடி முன்னால் இழுத்துப் போட்டார்.

"செமராங்னு ஒரு ஊருவே. கடல் ஓரம். ஓட்டல்ல உக்காந்தா, சம்பல்னு செவப்பா ஒரு தொவையல வச்சான். காரம், பாத்துச் சாப்பிடுங்கன்னு கையக் கையக் காட்டுதான். நான் வழிச்சுத் தின்னுட்டு, இதுல காரம் எங்கடேன்னு கேட்டேன். கேட்டுட்டு, நம்ம வீட்டு இட்லிப் பொடி டப்பாவ லேசா, இந்தா இம்புட்டுத்தான், தொறந்தேன். சமையக்காரன் போட்டான் பாரும் ஒரு தும்மல். அவனப் பாத்து ஓட்டல் தும்முச்சு. ஓட்டலப் பாத்து தெருவே தும்முச்சு. தொறமுகத்துல காத்து இல்லாம ரெண்டு நாளா நின்ன பாய்மரக் கப்பலு அம்புட்டும் பாய் வெடைச்சுக் கெளம்பிட்டு. எங்க பஸ்ஸுக்குப் பின்னாலயும் அந்தக் காத்துதான். சுரபயா வரைக்கும் டிரைவரு டீசலே போடல."

மைதீன் பாய் மெதுவாக, செமராங்கிலிருந்து சுரபயா முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்குமே என்றார். அவர் பழைய கப்பல் வேலைக்காரர். நடுவில் ஒரு தடவை டப்பாவைத் திரும்பத் திறந்ததாக அண்ணாச்சி விளக்கம் கொடுத்தார்.

சுரபயாவிலிருந்து கிழக்கே போகிற வழியில் ஒரு சின்ன ஊராம். பேர் வாயில் நுழையவில்லை என்றார். அங்கே கலங்கரை விளக்கம் அணைந்து போய், கரைக்கு வழி தெரியாமல் மீன் படகெல்லாம் கடலில் நின்றதாம். அந்த ஊர் இன்ஜினியர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி மேலே ஏறி, மனைவியின் சேலையில் இருந்த ஊக்கை வாங்கி ஒரே குத்து குத்தினாராம்.

"வெளிச்சம்னா உங்க வீட்டு வெளிச்சம் எங்க வீட்டு வெளிச்சம் இல்ல. ஜூன் எட்டாந்தேதி, அங்க சாயங்காலம் ஆறரை, இங்க அஞ்சு. நம்ம தெருவரைக்கும் அடிச்சுருக்கும். நெனவு இல்லியா?"

பாய் யோசித்துவிட்டு, அன்றைக்கு நம் தெருவில் கரண்டே இல்லையே, சாயங்காலம் ஏழுவரை கட் என்றார்.

"அதத்தான் சொல்லுதேன். கரண்டு இல்லாத தெருவுல அன்னைக்கு அஞ்சு மணிக்கு வெளிச்சமா இருந்துதா இல்லியா?"

அஞ்சு மணிக்கு வெயிலே அடிக்கும் என்று எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது, எனக்கென்ன வந்தது. ஆனால் ஜெபமணி சார் அசையவில்லை. தும்மலும் வெளிச்சமும் இருக்கட்டும், குடும்பத்துக்கு ஆபத்து என்று வந்தபோது என்ன செய்தீர், அதுதான் தலைவருக்கு வேண்டும் என்றார். அண்ணாச்சிக்கு முகம் இறுகிவிட்டது. பதவி கைநழுவுகிறது என்று தெரிந்துபோயிருக்க வேண்டும்.

"ஆபத்தா? கேளும்" என்று எழுந்து நின்றுகொண்டார்.

ஜாவாவின் கிழக்கு நுனியில் பன்யுவாங்கி என்று ஊர். அங்கிருந்து பாலித் தீவுக்குப் போக ஒரு மணி நேரம்கூடக் கப்பலில் உட்கார வேண்டாம். இவர்கள் ஏறிய கப்பல் பாதிக் கடலில் மிஷின் நின்று, அலையில் சுற்ற ஆரம்பித்துவிட்டதாம். முந்நூறு பேர் அலறுகிறார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்ட என்ன இருந்துச்சு? ஒரு தூக்குச்சட்டி உறை மோர். நாங்க சைவம். அந்த ஊர்ல தயிரு கெடைக்காதுன்னு வீட்டுலருந்தே கொண்டு போயிருந்தோம். தெனமும் ராத்திரி ஓட்டல் ரூம்ல உறை ஊத்தி, காலையில தயிர்சாதம். அந்த மோர எடுத்தேன். கடல்ல ஊத்துனேன். அம்புட்டுத்தான். கடல் உறைஞ்சு போச்சு."

ஜெபமணி சாரின் மனைவி எஸ்தர் டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். தண்ணீர் எப்படி உறையும், பால் வேண்டாமா என்று கேட்டார்.

முன்னால் போன பால்பவுடர் கப்பல் சாய்ந்து ஆயிரம் மூட்டை கடலில் விழுந்திருந்ததை அண்ணாச்சி அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டார்.

டீச்சர் விடவில்லை. காய்ச்சாத பாலில் ஊற்றினால் தயிர் சரியாக விழாதே, வெதுவெதுப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

"அந்த ஊரு பூரா எரிமலை டீச்சர். கடலுக்கு அடியில அடுப்பு எரிஞ்சுக்கிட்டே கெடக்கு. பாலு காஞ்சு, ஆறி, பதமா இருந்த நேரம் பாத்துல்லா நான் ஊத்துனேன். கட்டித் தயிரு. தயிர்வடையில வடை கெடக்க மாதிரி மீனெல்லாம் அங்கங்க நிக்கி. முந்நூறு பேரையும் எறக்கி, பாலி வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போனேன். ஒருத்தருக்கும் முழங்காலுக்கு மேல நனையல."

ஜெபமணி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அண்ணாச்சியைப் பார்க்காமல், பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே உலகநாயகி மதினி, அண்ணாச்சியின் மனைவி, உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் கூடத்தான இருந்தீங்க. சொல்லுங்கம்மா. கடல் உறைஞ்சுதா?"

அண்ணாச்சி மதினியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கே பாவமாகப் போய்விட்டது. இத்தனை பேர் முன்னால் அந்த அம்மாள் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் மனுஷன் இனிமேல் தெருவில் நடக்க முடியாது.

மதினி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"உறைஞ்சுது" என்றார்.

அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. நெஞ்சு இத்தனை அகலத்துக்கு விரிந்தது. சார் பேனாவை எடுத்தார்.

"ஆனா, உறை ஊத்துனது நான்" என்றார் மதினி. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். "இவுக அப்ப மேல்தட்டுல வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தாவ. பாலு பதமா இருக்கான்னு கைய விட்டுப் பாத்தது நான். பிள்ளைகள மொதல்ல எறக்கி, எங்க கெட்டியா இருக்குன்னு மிதிச்சுப் பாத்து, முன்னால நடந்தது நான். அந்த முந்நூறு பேரு பாஸ்போர்ட்டும் என் இடுப்புலதான் இருந்துது. கடைசியாத் திரும்பி வந்து, இவுகளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

எஸ்தர் டீச்சர் மெல்லத் தலையாட்டினார். உறை ஊற்றுவது ஆம்பிளை வேலை இல்லை என்று தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது என்றார்.

சார் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி, அம்மா சொல்வது சரிதானா என்று அண்ணாச்சியைக் கேட்டார். இல்லை, பொய் என்றால் கடல் உறையவில்லை என்று ஆகும். தும்மலும் வெளிச்சமும் சேர்ந்து போகும். சரி என்றால் பதவி போகும். அண்ணாச்சி நின்றபடியே மதினியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஷெட்டின் கூரையைப் பார்த்தார்.

"கடல் உறைஞ்சது நெசம்வே" என்றார் கடைசியில்.

ஜெபமணி சார் தலைவர் என்ற இடத்துக்குப் பக்கத்தில் உலகநாயகி என்று எழுதிவிட்டு, தாளைக் கையெழுத்துக்குச் சுற்றில் விட்டார்.