நரி துரத்திவிட்ட காவல்காரன்

மலைக்காட்டு ஏரி குளிரில் உறைந்துவிட்டால் மிருகங்களுக்குக் கொண்டாட்டம்தான். தென்கரை அணியும் வடகரை அணியும் பனிமேல் சறுக்கிக்கொண்டே மட்டையால் வட்டைத் தள்ளி ஐஸ் ஹாக்கி ஆடும். ஜெயிக்கிற அணிக்குத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க ஏரி மீன். தோற்றவர்கள் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

தென்கரைக்குக் கேப்டன் நரி. அதற்கு எல்லாமே உடனே நடக்க வேண்டும். அந்த வருஷம் இரண்டு பேரைப் புதிதாகச் சேர்த்தது. காட்டுப்பூனை முன்னால் நின்று கோல் போட வேண்டும். கரடிக்குட்டி பின்னால் நின்று கோலைத் தடுக்க வேண்டும்.

பூனை முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டது. கரடிக்குட்டியோ வட்டு எங்கே போனாலும் அதன் பின்னாலேயே ஓடித் தடாலென்று விழுந்தது. அது எழுவதற்குள் எதிரணி காலி இடத்தில் புகுந்து கோல் போட்டுவிடும்.

"பூனையைப் பாருடா! வந்த அன்னைக்கே எப்படி வெளுத்து வாங்குது!" என்று நரி கத்தியது.

"அது தப்பு பண்ணா வட்டுதான் போகும். நான் தப்பு பண்ணா கோலே விழுந்துடுதே, அண்ணே! இன்னும் கொஞ்ச நாள் குடுங்க!"

"உனக்காகக் காத்திருந்தா எங்க வயிறு காஞ்சிடும். கெளம்பு!"

பாவம், கரடிக்குட்டி அழுதுகொண்டே வடகரைக்குப் போனது. அங்கே கேப்டன் நீர்நாய். பெரிய ஞானி எல்லாம் இல்லை. அதற்கு ஆள் பற்றாக்குறை.

"விழுந்தா விழு! பின்னால நிறுத்த எனக்கு வேற ஆளா இருக்கு?" என்று சிரித்தது.

இரண்டு குளிர்காலம் வடகரை தோற்றுப் பட்டினி கிடந்தது. கரடி விழுந்து விழுந்து பின்பக்கமாகச் சறுக்கப் பழகியது. வட்டைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், எதிரியின் மார்பைப் பார்த்தால் அவன் போகும் திசை தெரியும் என்பதும் மெல்ல மெல்லப் பிடிபட்டது.

மூன்றாம் குளிர்காலம். ஆட்டம் முடியப்போகிற நேரம். வடகரை ஒரு கோல் முன்னே! நரியே வட்டோடு பாய்ந்து வந்தது. இடப்பக்கம் போக்குக் காட்டியது, வலப்பக்கம் போக்குக் காட்டியது. கரடி அசரவில்லை. பின்னால் சறுக்கிக்கொண்டே நரியை ஓரத்துக்கு ஒதுக்கியது. நரி பனிமேட்டில் முட்டி நின்றது. கரடி சாவகாசமாக வட்டைப் பறித்துக்கொண்டது. ஆட்டம் முடிந்தது.

"எங்கேடா கத்துக்கிட்டே இதை?" என்று நரி மூச்சிரைத்தது.

"பாதி உங்ககிட்ட விழுந்தப்பவே கத்துக்கிட்டேன், அண்ணே. மீதியைக் கத்துக்கத்தான் நீங்க விடல!"

அந்த வருஷ மீன் வடகரைக்குப் போனது.

காவல் காக்கும் திறமை தாமதமாகத்தான் கைவரும். பொறுக்காமல் பாதியில் துரத்துகிறவர், அதன் பலனைத் தம் கையாலேயே எதிரிக்குக் கொடுத்தனுப்புகிறார்.