கூட்டம் வரட்டும், சாப்பிடலாம்

கொண்டையன்குளத்தில் அறிவுக்குக் குறைவென்று யாரும் புகார் சொன்னதில்லை. அவரவர்க்கு இருந்ததே போதும் என்றிருந்தார்கள். அந்த ஊரிலிருந்து ஆவுடையப்பன், உச்சிமாகாளி, பூலுடையார் மூவரும் கன்னியாகுமரியில் கடல் பார்க்கப் புறப்பட்டார்கள்.

ஆவுடையப்பனின் மச்சினன் லாரி ஓட்டுகிறவன். வழியனுப்ப வந்தவன் ஒன்றே ஒன்று சொன்னான்: "அத்தான், மலிவா, ருசியா சாப்பிடணும்னா கூட்டம் இருக்க கடைக்குப் போங்க. ஆளில்லாத கடையில மட்டும் கைய நனைச்சிராதீங்க."

காலையில் பஸ் டயர் பஞ்சராகி ஒரு சின்ன ஊரில் நின்றது. எதிரே புதுசாய் ஓர் இட்லிக் கடை. ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் தங்கபாண்டி துள்ளி எழுந்தார்.

"வாங்கண்ணே! இப்பத்தான் எறக்கினேன், பஞ்சு மாதிரி இருக்கு!"

முந்தின ராத்திரியிலிருந்து மூவரும் பட்டினி. பூலுடையாரின் வயிறு கடைக்காரருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டது. இருந்தாலும் வாசலைத் தாண்டவில்லை.

"உள்ள ஆளே இல்லையே" என்றான் ஆவுடையப்பன்.

"நீங்க வந்தா ஆளுதானே?"

ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"அவரு சொல்லுததும் சரிதான். நாம உள்ள போயிட்டா கூட்டமாயிரும்."

"போனப்புறம் சரி. போகும்போது அது ஆளில்லாத கடைதானல?"

"அப்ப ஒருத்தன் மொதல்ல போகட்டும். அவன் இருக்கான்னு மத்தவங்க போவோம்."

"அந்த மொத ஆளு கதி என்னடே?"

மூன்று பேருமே பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள். கூட்டம் வரும்வரை காத்திருப்பதென்று முடிவாயிற்று. எச்சில் விழுங்கியபடி கடையையே பார்த்து நின்றார்கள்.

சைக்கிளில் போன ஒருவர் இறங்கினார். "என்ன, வரிசையா நிக்கீங்க?"

"இட்லிக்குத்தான் அண்ணாச்சி."

"காத்துக் கெடந்து திங்கிற இட்லியா!" அவரும் பின்னால் நின்றுகொண்டார். அவரைப் பார்த்து ஆட்டோக்காரர்கள், அவர்களைப் பார்த்து பூக்காரம்மா. வரிசை பக்கத்து மருந்துக் கடையைத் தாண்டியதும் சைக்கிள்காரர் பொறுமையிழந்து உள்ளே பாய, எல்லாரும் பின்னாலேயே பாய்ந்தார்கள்.

"வந்துட்டுல கூட்டம்!" உச்சிமாகாளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கடையில் இப்போது கால் வைக்க இடமில்லை. மரியாதையாக வெளியே நின்றார்கள்.

கூட்டம் தின்று, கை கழுவி, ஏப்பம் விட்டுப் போயிற்று. தங்கபாண்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கடை தொறந்த நாள்லேர்ந்து இப்படி ஒரு யாவாரம் பாத்ததில்லண்ணே. எல்லாம் உங்க ராசி. கடைசி ஈடு இட்லி உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். காசு வேண்டாம், வாங்க!"

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். மூன்று இலை. ஆவி பறக்கும் இட்லி, தேங்காய்ச் சட்னி. சுற்றிலும் காலி பெஞ்சு.

"ஆளில்லையே அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன், அழாத குறையாக.

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிவிட்டார்கள். தங்கபாண்டிக்கு மனசு கேட்கவில்லை. அவசரமாய்ப் பொட்டலம் கட்டி, நகர்கிற பஸ்ஸோடு ஓடி ஜன்னல் வழியே திணித்தார்.

அந்த ஊரில் ஏறியவர்களால் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. படியிலும் தொங்கினார்கள். ஆவுடையப்பன் முன்னும் பின்னும் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஏலே, பிரிங்கல பொட்டலத்த! இதுதாண்டே கடை!"

இலை நொடியில் காலியாயிற்று. கூட்டத்தை இடித்துக்கொண்டு கண்டக்டர் வந்தார். "டிக்கெட், டிக்கெட்!"

உச்சிமாகாளி இலையை நீட்டினான். "டிக்கெட் இருக்கட்டும் அண்ணாச்சி. மொதல்ல இங்க ரெண்டு இட்லி, கெட்டிச் சட்னி."

கண்டக்டர் அவனையும் இலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோபத்தில் விசிலை நீளமாக ஊதினார்.

"பாத்தியாடே" என்றான் பூலுடையார், வாய் பிளந்து. "ஊதிச் சொன்னாத்தான் அடுப்படிக்குக் கேக்குமாம். எம்மாம் பெரிய கடை!"