கன்சோல்காரனுக்கு நான் குடுத்த ஐடியா

மச்சாடோ அண்ணன் கேம் சென்டருக்கு ஒரு ஆள் வேணும்னாரு. ஏசில உக்காந்து ஜாய்ஸ்டிக் எடுத்துக் குடுக்குற வேலை. இது கிடைக்கலன்னா, காலேஜை விட்ட எனக்கு எங்கப்பா பாத்து வெச்சிருக்குறது ஐஸ் ஃபேக்டரி. அங்க போனா நானும் மீனும் ஒரே பெட்டி.

கன்சோலப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேட்டாரு. "அதுல பாதி நான் சொல்லிக் குடுத்ததுண்ணே"ன்னேன். மூலையில விளையாடிட்டிருந்த சில்வெஸ்டர் ஹெட்போனைக் கழட்டிட்டான்.

ஜாய்ஸ்டிக் ஏன் கையில அதிருது? ஒரு நாள் ஹார்பர் பஸ்ல கடைசி சீட்டு. பக்கத்துல கன்சோல் செய்யுற ஒரு ஜப்பான்காரர். இறங்கும்போது கை குடுத்தேன். நம்ம ரோட்டுல வந்த கை, சும்மா நிக்குமா? அந்த ஆட்டம் அவர் கைக்கு ஏறி, ஜப்பான் போயும் நிக்கல. வீணாக்க வேண்டாமேன்னு ஜாய்ஸ்டிக்குல இறக்கி வெச்சுட்டாரு.

எந்த பஸ்ஸுன்னான் சில்வெஸ்டர். உலகத்தையே மாத்துனவன்கிட்ட பஸ் நம்பரா கேப்பாங்க?

கேம் சேவ் ஆகுறதும் நம்ம வேலைதான். அப்பல்லாம் அடிக்கடி கரண்டு போவும். போன உடனே லெவலை வாயில அடக்கிக்கிடுவேன், வந்ததும் டிவில துப்பிருவேன். ஒரு தடவை தும்மிட்டேன். லெவல் பக்கத்து வீட்டு டிவிக்குள்ள பாய்ஞ்சிருச்சு. சீரியல்ல அழுதுட்டிருந்த மாமியார் எந்திரிச்சு, குதிச்சுக் குதிச்சுக் காசு பொறுக்குனா. இதைக் கேள்விப்பட்டுத்தான் மெமரி கார்டே வந்துது.

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. நாளைக்கே வந்துருன்னாரு. நான் அதோட வாயை மூடியிருக்கணும்.

மூடல. ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்காத கேம் கம்பெனி முதலாளிங்க எல்லாரும் ஒரே பிளேன்ல வந்து, உப்பளத்துல இறங்கி, புரோட்டா கடையில என் கையைப் புடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னேன். எல்லாம் கண்டுபிடிச்சாச்சு தம்பி, இனி எதை விக்கன்னு ஒரே அழுகை.

"புரோட்டாவை வித்துருங்க, சால்னாவுக்குத் தனிக் காசு கேளுங்க"ன்னேன். அன்னைக்கிருந்துதான் பாதி கேமை டப்பாவுல குடுக்கான், மீதிக்கு நெட்ல காசு கட்டச் சொல்லுதான்.

சில்வெஸ்டர் சிரிக்கல. "துப்பாக்கி தனி, அதைப் புடிக்க கையுறை தனின்னு என்னைய வாங்க வெச்சது நீதானாலே?"

கடையில இருக்குற கேமுக்கெல்லாம் அந்த மீதிக் காசைக் கட்டுற அண்ணன், எந்திரிச்சுப் போய்க் கதவை அகலமாத் திறந்து புடிச்சாரு. ஏசி காத்து வீணாப் போறது கூட அவருக்கு உறைக்கல.

"பஸ்ஸு, மாமியாரு, பிளேன் எதையும் நம்பலலே. சால்னாவை நம்புதேன். கிளம்பு."