ஷியா வெண்ணெய் பூசிய உள்ளங்கை

தூத்துக்குடியில் களிம்பு செய்து கொடுக்கும் பெனிட்டாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் நமச்சிவாயத்துக்கு அறுபத்தொன்று. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "சார்" என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சிரிப்பு.

ஒரு நாள் காலை அவர் கேட்டார்.

"டீச்சர், ஷியா வெண்ணெயில என்ன அமிலம், என்ன வைட்டமின்னு எனக்குத் தெரியும். தோலுக்கு அது உண்மையில என்ன பண்ணுது? அதை நீங்கதான் சொல்லணும்."

அவள் வாய் திறப்பதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. உப்பளத்தில் வேலை பார்க்கும் இசக்கிராஜை அவன் மனைவி கனி இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் தோளில் பிறந்து இருபது நாளான பெண் குழந்தை.

"இவரு பிள்ளையத் தூக்கவே மாட்டேங்காரு அக்கா."

இசக்கிராஜ் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

"மொத நாள் தூக்குனேன். என் கை உரசி அவ கன்னம் செவந்துட்டு. அப்படி ஒரு அழுகை. அதுல இருந்து தொடல."

காட்டச் சொன்னாள் பெனிட்டா. உப்பு அரித்த கைகள். விரல் மடிப்பெல்லாம் வெடிப்பு.

"சார், ஷியா வெண்ணெயை நீங்க போட்டு விடுங்க."

"நானா?"

"நீங்கதானே கேட்டீங்க."

நமச்சிவாயம் அவன் கைகளை நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவினார். துணியால் ஒற்றினார். ஈரம் முழுதும் காய்வதற்குள் ஒரு கட்டி வெண்ணெயை எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்தார். அது உருகியதும் அவன் கையில் பூசினார்.

இசக்கிராஜ் கூச்சத்தில் கையை இழுத்தான். "விடுங்க சார். நீங்க போயி என் கையப் புடிச்சிக்கிட்டு..."

"சும்மா இருப்பா. ஆப்பிரிக்காவுல பொம்பளைங்க ஷியா மரத்துக் கொட்டையை இடிச்சு எடுக்கிற வெண்ணெய். தோல்ல இருக்கிற ஈரத்தை வெளியே போக விடாது."

தினமும் வேலை முடிந்ததும் அவன் வந்தான். ஐந்தாம் நாள் எரிச்சல் இல்லை என்றான். எட்டாம் நாள், கனியின் சேலையை மடித்தபோது நூல் கையில் மாட்டவில்லை என்று ஓடி வந்து சொன்னான். நமச்சிவாயம் எழுந்து நின்று கைதட்டினார்.

பத்தாம் நாள் கனி குழந்தையோடு வந்தாள்.

இசக்கிராஜ் கைகளை நீட்டினான். பாதியில் நிறுத்தினான்.

"அவ அழுதுட்டா?"

"பிள்ளைன்னா அழும். பிடிங்க," என்று கையில் வைத்துவிட்டாள் கனி.

குழந்தை முகத்தைச் சுளித்தது. அது பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, அவன் உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிப்போனது.

இசக்கிராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினான். தோள் மட்டும் குலுங்கியது. கனி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

நமச்சிவாயம் கிட்டே போய் அவன் விரல்களைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. பெனிட்டாவிடம் வந்தார்.

"டீச்சர், கை இன்னும் சொரசொரன்னுதான் இருக்கு. மிருதுவாக இன்னும் ஒரு மாசமாவது ஆகும்."

"மெதுவாப் பேசுங்க சார்," என்றாள் பெனிட்டா. "பிள்ளைக்குக் கேட்டுடப் போவுது."