செலின் தலையில் ஒரு கோடு

புதுச்சேரியில் கஸ்பார் நடத்திய அச்சகத்தில் அவன், தொம்மை, சவரிமுத்து என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அதுவும் பாதி நாள் லீவில் இருக்கும்.

கஸ்பாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் செலின்.

"பிரெஞ்சுப் பேருய்யா இது. கல்யாணப் பத்திரிகையில இங்கிலீஷ் எழுத்துல போடுறப்ப, அந்த முதல் 'e' எழுத்துத் தலையில சாய்வா ஒரு சின்னக் கோடு வரணும். வரலைன்னா கல்யாணமே வேணாம்," என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்கள். பிஸ்கட் தூள்தான் விழுந்தது. கஸ்பார் விவரம் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டான்.

"ஆல்ட் கீயை அழுத்திப் பிடிச்சுக்க. விட்டுடாதே. வலது ஓரத்து நம்பர்ல சைபர், ரெண்டு, மூணு, மூணு அடி. அவ்வளவுதான்," என்று சொல்லி வைத்துவிட்டார். அடித்தபின் கையை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த மனுஷன்தான் அதையெல்லாம் சொல்வான்?

கஸ்பார் பிடித்தான், அடித்தான். கோடு வரவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"ஏண்டா வரலை?" என்றான் தொம்மை.

"பிரான்சுலேருந்து வரணும்ல," என்றான் சவரிமுத்து.

"கஸ்டம்ஸ்ல மாட்டியிருக்குமோ?"

"சின்னக் கோடுதானே, விட்டுடுவாங்க."

தொம்மை சோறு ஊட்டினான். சவரிமுத்து முதுகு சொறிந்துவிட்டான். மற்ற அவசரங்களைக் கேட்காதீர்கள். நல்லவேளை, கீபோர்டு வயர் நீளம்.

மறுநாள் செலின் வந்தாள். "எங்கேய்யா என் கோடு?"

"வந்துக்கிட்டே இருக்கு."

"கை வீங்கிக் கிடக்கு! எடு முதல்ல!"

"எடுத்தா நம்ம கல்யாணம் போச்சு, செலின்!" கஸ்பார் அழுதேவிட்டான்.

அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். திரையில் கோடு வந்து ஜம்மென்று உட்கார்ந்தது.

"பார்த்தியா, அவ இழுத்தாத்தான் வரும்," என்றான் சவரிமுத்து. செலினுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒண்ணை வெச்சு எல்லாத்தையும் காப்பி எடுத்துடலாமா?" என்று தொம்மை கேட்டான்.

"ஒரே கோட்டை எத்தனை பேருக்குடா பங்கு போடுறது?" என்று கஸ்பார் அதட்டினான்.

அன்றிலிருந்து அவன் பிடிக்க, அவள் இழுக்க, ஒவ்வொரு பத்திரிகையாக அடித்தார்கள். அடிக்க அடிக்கத் தொம்மை ஊருக்குக் கொடுத்துவந்தான்.

கல்யாணத்தன்று தொம்மை மாதா கோயிலிலிருந்து மூச்சிரைக்க அச்சகத்துக்கு ஓடிவந்தான். கஸ்பாரும் செலினும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய், சனம் நிரம்பி வழியுது! பொண்ணு மாப்பிள்ளை எங்கேன்னு சாமியார் கத்துறார். கிளம்புங்க!"

கஸ்பாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் வெச்சியே, எங்க ரெண்டு பேருக்கும் பத்திரிகை வெச்சியா? கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய் நிக்க எங்களுக்கென்ன மானம் ரோஷம் இல்லையா?"