இரும்புக்குக் காவல்

கடலைப் பயிர் மஞ்சளாகிவிட்டது.

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புச் சுக்கான் கல் நிறைந்த பூமியில் ஒரு சிறு மடம். தலைவி பெரியநாயகி அம்மையார். மடத்து விளக்குக்கும் தாளிப்புக்கும் வருஷத்து எண்ணெய் அந்த வயலிலிருந்துதான். வயலைப் பார்த்துக்கொண்ட சீடர் உர ஆலையில் யூரியா செய்து ஓய்வு பெற்றவர். அம்மையார் வயசுதான் அவருக்கும். பெயர் தில்லைவாணன். எல்லோருக்கும் அவர் 'எஞ்சினியர்'.

மடத்தில் நிலைத்தவரைத்தான் அம்மையார் பெயர் சொல்லி அழைப்பார். இவரை அழைத்ததில்லை.

பக்கத்து வயல்காரர் சடையாண்டி வரப்பில் நின்று பார்த்தார்.

"எஞ்சினியர் கடலைக்கு மஞ்சக்காமாலை. கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க."

அம்மையார் வந்தார்.

"என்ன செய்தீர்?"

"தழைச்சத்து குறைவு என்று நினைத்தேன். யூரியா போட்டேன்."

"பச்சையானதா?"

"இல்லை."

"பிறகு?"

"இன்னும் கொஞ்சம் போட்டேன்."

சடையாண்டி சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

"பயிர் போனால் பெட்டியைக் கட்டும்."

எஞ்சினியர் தலையாட்டினார். திரும்பிப் போக அவருக்கு வீடு இருந்தது. வீட்டில் ஆள் இல்லை.

"போகிறதற்கு முன் ஒன்று கேட்கலாமா?"

"கேளும்."

"காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன், அதுதான் தழைச்சத்து. இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு கிடக்கும். அந்தப் பிடியை விடுவித்தால்தான் பயிருக்கு உணவு. நாங்கள் விடுவித்தோம். கோபுரம் போல ஓர் உலை. ஈயம் உருகுகிற சூடு. ஆழ்கடலின் அழுத்தம். ஊருக்கே கேட்கும் இரைச்சல். அதையே ஒரு செடி மண்ணுக்குள் சத்தமில்லாமல் செய்கிறது. எப்படி அம்மா?"

"உம் உலைக்குள் என்ன இருந்தது?"

"இரும்புக் குருணை. பிடியை விடுவிப்பது அதுதான்."

அம்மையார் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கினார். வேரில் சிறு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளே வெளுத்த சோற்றின் நிறம்.

வரப்புக்குப் போனார். அங்கே கொழிஞ்சிச் செடி தானாக முளைத்துக் கிடந்தது. விதைத்தவர் இல்லை, உரமிட்டவர் இல்லை. ஒன்றைக் கெல்லி எடுத்து அதன் முடிச்சையும் பிளந்தார். நகம் சிவந்தது.

எஞ்சினியர் அந்த விரலையே பார்த்தார். முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருந்து காற்றைப் பிரிக்கின்றன என்று படித்திருக்கிறார். பிளந்து பார்த்ததில்லை.

"ரத்தமா?"

"உம் ரத்தம் எதனால் சிவப்பு?"

"இரும்பு." குரல் இறங்கிவிட்டது. "இங்கேயும் இரும்பா?"

அம்மையார் தலையசைத்தார்.

"எங்கள் உலையில் ஆக்ஸிஜன் கொஞ்சம் நுழைந்தாலே இரும்பு வேலையை நிறுத்திவிடும். வாயுவைச் சுத்தம் செய்யவே தனிக் கட்டடம் வைத்திருந்தோம். இங்கே மண் திறந்து கிடக்கிறது. யார் காவல்?"

அம்மையார் சிவந்த நகத்தை அவர் முன் நீட்டினார்.

"வேலை செய்வதும் இரும்பு," என்றார் எஞ்சினியர் மெதுவாக. "ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்து அதைக் காப்பதும் இரும்பு."

வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழவில்லை. எறும்பு காலில் ஏறியது. தட்டிவிடவில்லை.

பிறகு கேட்டார்: "நான் யூரியா போட்டேனே, அதனால் முடிச்சுக்குள் என்ன ஆயிற்று?"

"சமைத்துக் கொண்டுவந்து கொட்டினால் எவள் உலை வைப்பாள்?"

"மஞ்சள் அதற்கு முன்பே வந்ததே. இந்த மண்ணில் இரும்பு இல்லையா?"

"இருக்கிறது."

"பிறகு ஏன் வேருக்குப் போகவில்லை?"

அம்மையார் ஒரு சுக்கான் கல்லைக் காலால் புரட்டிவிட்டு நடந்தார்.

எஞ்சினியர் கல்லைக் கையில் எடுத்தார். சுண்ணாம்பு. இரும்பு பூமிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது.

மண்ணில் இரும்பைப் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். இலைவழியாகத்தான் கொடுக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கினார், பச்சை நிறத்து இரும்பு உப்பு. தண்ணீரில் கரைத்தார். சும்மா விட்டால் துருவாகி அடியில் படியும் என்பது அவருக்குத் தெரிந்த தொழில். எலுமிச்சம்பழம் பிழிந்தார். வெயில் தாழ்ந்ததும் தெளித்தார். சில நாள் விட்டு மறுபடி தெளித்தார்.

மிச்ச யூரியாவைச் சடையாண்டியின் நெல்லுக்குக் கொடுத்துவிட்டார்.

"காமாலைக்கு எலுமிச்சம்பழமா?" என்றார் சடையாண்டி. "எங்க ஊர்ல அது பைத்தியத்துக்கு."

"அதற்கும் சேர்த்துத்தான்."

கொழுந்து முதலில் பச்சையானது. பிறகு வயல்.

அப்புறமும் அவர் நிம்மதியாக இல்லை. நாள் பார்த்து, ஈரம் பார்த்து, ஒரு கடலைச் செடியை வேர் அறாமல் எடுத்தார். முடிச்சைப் பிளந்தார்.

சிவப்பு.

தலைக்கு மேல் காற்று போய்க்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாதவர்கள் அந்தக் காற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பு இல்லை, இரைச்சல் இல்லை. அவர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வந்து, வேரைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

சடையாண்டி வந்தார். அம்மையாரும் வந்து நின்றார்.

"காமாலை எறங்கிருச்சே. யாரு வைத்தியம்?"

"நான் இல்லை," என்றார் எஞ்சினியர் நிமிராமல். "இரும்பு."

"இரும்பா? எங்க வீட்டுக் கலப்பையிலயும்தான் இருக்கு. மூலையில சாஞ்சு கெடக்குதே ஒழிய ஒரு செடியைத் தேத்தலை. அம்மா, நீங்க சொல்லுங்க. எம் பயிரும் மஞ்சக் கட்டுது. நான் யாரைக் கேக்கணும்?"

அம்மையார் வயலைப் பார்த்தார். குந்தியிருந்தவரின் வெறுங்காலைப் பார்த்தார்.

"தில்லைவாணனை."